ஓடைப்பட்டி விலக்கில் நல்ல மேய்ப்பர்

"...ஒத்தைக் குட்டிக்காகத் தொண்ணூத்தொம்பது ஆட்டையும் பொட்டல்ல விட்டுட்டா போனாக உங்க சாமி? நல்லா மேச்சாக, போங்க!"

ஓடைப்பட்டி விலக்கில் ஆடு மேய்க்கும் அக்காள் சலித்துக்கொள்கிறார். பஸ் நிழற்குடைச் சுவரில், குட்டியைத் தோளில் சுமக்கும் இயேசு படம். யாரென்று கேட்டார், காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னால் இயேசு யாரென்று புரிந்துவிடும் என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரமாகத் தொண்டை வறள்கிறது, எனக்கே அலுத்துவிட்டது.

"பத்து ஆடாவது மேச்சிருக்கீகளாண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்த் திராட்சைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்துகிறது. காலையில்தான் மருந்தடித்த தோட்டம். இலையைக் கடித்தால் குட்டி பிழைக்காது.

என் பஸ்ஸும் வந்து நிற்கிறது.

"அண்ணே, இதுகளப் பாத்துக்கங்க!" கம்பை என் கையில் திணித்துவிட்டு, மொத்த மந்தையையும் நடுரோட்டில் விட்டுவிட்டு, அக்காள் முள்வேலிக்குள் தலையை நுழைக்கிறார்.