சிரிக்காமல் கிளம்பிய ஜோம்பி

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இனி யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மேக்கப் ஆளிடம் சொன்னேன், சிரித்தார். எங்கள் டைரக்டர் விஜயராகவனிடம் சொன்னேன், "இதையே அடுத்த படமா பண்ணிடலாமா?" என்று கேட்டார். கையிலிருந்த கிளாப் பலகையை அவர் மேலேயே எறிந்திருக்க வேண்டும்.

நான் லாவண்யா. உதவி இயக்குநர். எடுத்துக்கொண்டிருந்தது ஜோம்பி காமெடிப் படம். இந்த மாதிரிப் படங்கள் என்றால் எனக்கு உயிர். ஒருத்தனுக்குக் குடல் வெளியே தொங்கும், அதில் அவனே தடுக்கி விழுவான், தியேட்டரே வீல் என்று அலறிவிட்டு அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரிக்கும். பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வருவது வேறு எந்தப் படத்தில் கிடைக்கும்? அந்த ஆசையில்தான் இந்த ஆளிடம் போய் வேலைக்குச் சேர்ந்து தொலைத்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். வெளியே பட்டப்பகல், உள்ளே நடுராத்திரி. அன்றைய காட்சியில் கல்யாணப் பந்திக்குள் ஜோம்பிகள் கடிக்கப் பாய்கின்றன. இலை போட்டிருப்பதைப் பார்த்ததும் அடங்கி ஒடுங்கி வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. தங்கவேல் என்ற துணை நடிகர் மட்டும் பாயசம் வரவில்லை என்று கோபத்தில் எழுந்து, வழுக்கி, காலி சாம்பார் அண்டாவுக்குள் தலைகுப்புற விழுந்து சாக வேண்டும்.

ஒரே டேக்கில் விழுந்தார். யூனிட்டே கைதட்டியது.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம்பிடித்துவிடுவோம். செத்தது நடிப்புதான், ஆள் நன்றாக இருக்கிறார் என்பதற்காக. எவ்வளவு பெரிய ஹீரோவானாலும் சிரிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

"சார், தங்கவேலோட சிரிப்பு ஷாட்," என்றேன்.

விஜயராகவன் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஜோம்பி ஏற்கெனவே செத்தவன்மா. செத்தவன் திரும்பச் செத்தா அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"நடிச்சவர் மனுஷன் சார். ஒரே ஒரு நிமிஷம்."

"லைட் எல்லாம் மாத்தியாச்சு. என் உயிரை வாங்காத லாவண்யா."

மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். காதிலேயே வாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலுக்கு ஓடினேன். தங்கவேல் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் மேக்கப் அப்படியே இருந்தது. இடது நெற்றியில் பெரிய வெட்டு. ஷாட்டுக்கு ஷாட் காயம் இடம் மாறாமல் பார்ப்பது என் வேலை என்பதால் ஒவ்வொருவர் காயமும் எனக்கு மனப்பாடம்.

"இருங்க தங்கவேல், சார்கிட்ட இன்னொரு தடவை கேக்கறேன். சிரிச்சிட்டுப் போங்க."

"வூட்ல பொண்ணு காத்துக்கினு கீதுக்கா. இந்த மூஞ்சோட போய் நின்னா அலறும் பாரு... அப்பாலே கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு சிரிக்கும். அதுக்கே போவணும்."

"ஹெல்மெட்?"

"போட்டா மேக்கப் நசுங்கிடும்க்கா. தோ இருக்கற பாலவாக்கம்."

போய்விட்டார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால மணி அடித்தபோது நான் மேக்கப் அறையில் தனியாக இருந்தேன். எல்லோரும் கூடத்தில் ஷாட்டில் இருந்தார்கள். எங்கள் ரத்தம் என்பது சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும்தான். கழற்றிப் போட்ட சட்டைகளிலெல்லாம் எறும்பு. ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே டைரக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

க்ரீச்...

ஸ்டூல் இழுபடும் சத்தம். திரும்பினேன். தங்கவேல் உட்கார்ந்திருந்தார்.

"திரும்பி வந்துட்டீங்களா?"

"சிரிப்பு எடுக்கலியேக்கா."

அப்பாடா என்று இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. இடது நெற்றியில் வெட்டு சரியாக இருந்தது. வலது பக்கம் காதுக்கு மேலே இன்னொன்று. நாங்கள் போடாத வெட்டு. அதிலிருந்து சட்டை வரைக்கும் ரத்தம்.

"யார் இதைப் போட்டது? கன்டின்யூட்டியே போச்சு!"

ஈரப் பஞ்சால் துடைத்தேன். எங்கள் ரத்தம் பிசுபிசுக்கும், இனிப்பாக மணக்கும். இது அப்படி மணக்கவில்லை. தோல் ஐஸ் மாதிரி சில்லிட்டது.

துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மேஜை முழுக்க எறும்பு. ஒன்றுகூட அவர் பக்கம் போகவில்லை...

போனை எடுத்து வீடியோவைத் தட்டினேன்.

"சிரிங்க."

உதடு துடித்தது.

"சிரிங்க தங்கவேல்!"

"எல்லாரும் சிரிக்கிறாங்கக்கா... எனக்குதான் வரல..."

கூடத்திலிருந்து "கட்!" என்று சத்தம். அந்தப் பக்கம் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரம்தான்.

ஸ்டூல் காலி.

கையில் பஞ்சு. வெள்ளை வெளேரென்று இருந்தது.

போன் அடித்தது. தங்கவேலின் மனைவி பொன்மணி.

"அக்கா... அவுரு போய்ட்டாருக்கா... மத்தியானமே... அடையாத்துல வண்டி சறுக்கி..."

மத்தியானமே.

அன்று ராத்திரி அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். காலி ஸ்டூல். அதைப் பார்த்துச் "சிரிங்க" என்று கத்தும் என் குரல். அவர் குரல் இல்லை. அதற்குப் பதில் பஸ் ஹாரன் சத்தம். நிறையப் பேர் சிரிக்கும் சத்தம். நடுவில் யாரோ ஒருவன் சொல்கிறான்: "செம மேக்கப் மச்சி!"

மறுநாள் பாலவாக்கம் போனபோதுதான் பொன்மணி மீதியைச் சொன்னாள். ரோட்டில் விழுந்தவர் கையைத் தூக்கிக் கூப்பிட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்து ஏதோ ஜோம்பிப் பட ஷூட்டிங் என்று நினைத்திருக்கிறார்கள். சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். போனில் படம் எடுத்திருக்கிறார்கள். ஒருவன் குனிந்து ரத்தத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போனதாம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த மாதிரிப் படத்துக்கு டிக்கெட் வாங்கிச் சிரித்தவள்தானே நானும்?

தங்கவேலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் துடைத்தும் இடது நெற்றி மேக்கப் முழுதாகப் போகவில்லை. உதடு இறுக மூடியிருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் வைப்பதுதானே என் பிழைப்பு, அதில் எனக்குத் தப்பு வராது.

அவர் மகள் தமிழ்நிலாவை யாரோ தூக்கிக் காட்டினார்கள். வீல் என்று அலறினாள். பிறகு கண்ணாடியைத் தட்டி, "அப்பா, போதும்ப்பா, எந்திரி," என்று கெக்கெக்கே எனச் சிரித்தாள்.

கூட்டம் ஓவென்று அழுதது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி பெட்டியைப் பார்த்தேன்.

தங்கவேல் சிரித்துக்கொண்டிருந்தார்.