ஒன்பதாம் காலம்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம். "தட்டுப்பாடு உங்களை எந்த அளவு பாதிச்சிருக்கு மேடம்? மிகவும், ஓரளவு, இல்லை. மூணுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள். தண்ணீர் லாரி வராமல் இரண்டு நாள் பாத்திரம் தொட்டியில் குவிந்து கிடக்கிற வீட்டில் வந்து இப்படிக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்குச் சும்மாவே வரும். "நாலாவதா ஒரு பதில் இருந்தா?" என்று கேட்டேன். "அதுக்குத் தொட எடமே இல்ல மேடம்" என்றாள், பாவம். அவள் மடக்கிப் பிடித்திருந்த குடையிலிருந்து வெயிலில் காய்ந்த துணி வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை அது.

நானும் அப்படி ஒரு குடையோடு திருப்போரூரைத் தாண்டி வயல் வயலாக அலைந்திருக்கிறேன். ஏழெட்டு வருடம் இருக்கும். அந்த வயல்கள் இப்போது இல்லை. ஏழெட்டு வருடத்தில் மறைந்துபோக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தப் பக்கம் குடியிருப்பவர் என்றால் கேட்கமாட்டீர்கள். வறட்சிப் பாதிப்புக் கணக்கெடுப்பாளர், தற்காலிகம். அதுதான் என் முதல் வேலை. சிங்கப்பெருமாள் கோயிலில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள் நான். நெல் நாற்றையும் கோரையையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. கையில் குடை, தோளில் பை, பை நிறையப் படிவம், நெஞ்சு நிறைய நேர்மை. கடைசியாகச் சொன்னதுதான் வினையாக முடிந்தது.

வறட்சி என்றால் ஒப்பாரியோடு வரும் என்று நினைத்திருந்தேன். அது மீன் குழம்போடு வந்தது. ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சினால், ஊரே இறங்கி விராலையும் கெளுத்தியையும் அள்ளிவிடும். நான் போன முதல் நாள் தெருவெல்லாம் புளியும் மிளகாயும் கொதிக்கிற மணம். "மக்கள் நல்ல மனநிலையில் உள்ளனர்" என்று அறிக்கை எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பத்து நாள் கழித்துப் போனபோது ஏரி பாளம் பாளமாக வெடித்து, செத்த நத்தை வாடை தெருவரைக்கும் வந்தது.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். ஆபீசில் கட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'column' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேய்த்துக் 'காலம்' என்றுதான் சொல்வார்கள். "காலம் எதுவும் காலியா இருக்கக் கூடாதும்மா" என்று எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாள் சொன்னபோது, மனிதர் என்னவோ தத்துவம் பேசுகிறார் என்று மரியாதையோடு தலையாட்டினேன். ஒன்பதாம் காலம், பயிரின் தற்போதைய நிலை. முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை. மூன்றில் ஒன்று.

ரோசம்மா அக்கா இந்த மூன்றிலும் அடங்கவில்லை. ஐம்பது வயதைத் தொட்டவர். அவர் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு நின்று நின்று, கடைசிக் காலத்தில் தன் பெயரில் பட்டா வாங்கிய எண்பது சென்ட் நஞ்சை அவருடையது. தையில் நடுகிற நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்தார். நாற்று முளைத்தது, நடுவதற்கு ஏரியில் தண்ணீர் இல்லை. நான் போனபோது நாற்றங்காலில் மாட்டுக் குளம்படிதான் இருந்தது.

"நாத்து எங்கக்கா?"

"மாட்ட அவுத்து வுட்டுட்டேம்மா. கண்ணு முன்னால கருகிக்கினு கீது. காஞ்சி போறத்துக்கு வாயில்லா சீவனாவது துன்னட்டுமே."

பக்கத்து வயல்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கெடுப்பு வருகிறது என்று தெரிந்து, முந்தின நாள் சாயங்காலம்தான் காய்ந்த மண்ணில் இரண்டு படி நெல்லை இறைத்துவிட்டிருந்தார். "மேடம், நமக்கு முழுச் சேதம்னு போட்டுக்குங்கோ" என்றார். விதைத்தது உண்மை, முளைக்காததும் உண்மை, அப்படியே போட்டேன். பிறகு ரோசம்மா அக்காவைக் காட்டி, "அதுக்கும் அப்டியே போடு மேடம், இன்னா பேஜாரு இதுல?" என்றார். நான் போடவில்லை. ஒன்பதாம் காலத்தில் மூன்றையும் அடித்துவிட்டு, என் அழகான கையெழுத்தில் 'நாற்றங்கால், மாடு மேய்ந்தது' என்று எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்ட பெருமை வேறு.

அந்தப் படிவத்தை வைத்துத்தான் மீட்புத் திட்டம். பாதிப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் அடுத்த பட்டத்துக்கு விதை நெல் கிடைக்கும். ரோசம்மா அக்கா வேறு எதுவுமே கேட்கவில்லை. "எனுக்கு டப்பு வாணாம். வெத நெல்லு மட்டும் குடுக்கச் சொல்லும்மா. ஒரு போகம் தப்பினா நெலம் கையில நிக்காது. சுத்தி அல்லாரும் கல்லு நட்டுக்கினு வரான்" என்றார். மனைக்கல்லைச் சொன்னார். வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னேன்.

ஆபீசில் தட்டச்சு செய்தவர் 'மாடு மேய்ந்தது' என்பதைப் பார்த்து, அதற்குக் கணினியில் எது பொருந்தும் என்று தேடி, 'மேய்ச்சல் நிலம்' என்று ஏற்றிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், காலம் காலியாக இருக்கக் கூடாதல்லவா? நான் மேற்பார்வையாளரிடம் ஓடினேன்.

"நாத்து பயிராகாதும்மா, நட்டாத்தான் பயிர். அதுவும் காயவிட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிப் பாக்கலாம். மாட்டுக்குப் போட்டாச்சுன்னா அது பயன்பாடு. பாதிப்பு இல்ல."

"கருகட்டும்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கணுமா சார்?"

"உன்னைக் கதை எழுதச் சொன்னாங்களா, காலத்தை ரொப்பச் சொன்னாங்களா?"

திட்டத்தை இறுதி செய்யும் கூட்டம் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் நடந்தது. கோப்பு தூக்க நானும் போனேன். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர். திரையில் எங்கள் ஏரி நீல நிறத்தில் ததும்பியது. வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதாகத் தீர்மானம். அந்தக் கால்வாய் மேல்தான் மனைக்குப் போகிற தார்ச்சாலை போட்டிருந்தார்கள், அதில்தான் நான் தினம் நடந்தேன். இதையும் ஒன்பதாம் காலத்தையும் சொல்லலாமென்று கை தூக்கினேன். "லஞ்சுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் மேடையில் இருந்தவர். லஞ்சில் வஞ்சிரம் வறுவல். அதற்கு அப்புறம் குழுப் படம் எடுத்தார்கள், கலைந்தார்கள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் வஞ்சிரத்தில் இரண்டு துண்டு நானும் தின்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. ரோசம்மா அக்கா புழுதி ஓட்டி நிலத்தைத் தயாராக வைத்திருந்தார். விதை நெல் லாரி வந்த அன்று துவைத்து மடித்த சாக்கோடு வரிசையில் நின்றார். பெயர் வாசித்து முடிந்தது. இரண்டு படி இறைத்தவருக்கு மூட்டை போனது. அவர் மூட்டையைப் பிரித்துப் பாதி தருகிறேன் என்றார், ரோசம்மா அக்கா வாங்கவில்லை. சாக்கை மறுபடி நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ இன்னாம்மா எழுதின?"

சொன்னேன்.

"நெசத்ததானே எழுதிகீற" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் போகம் தப்பியது. அதற்கடுத்ததும் தப்பியது. மூன்றாம் வருடம் மனைத் தரகர் வந்தபோது வேலை சுலபமாக முடிந்ததாம். மனையாக மாற்ற, சாகுபடி இல்லாத நிலம் என்பதற்குப் பழைய பதிவே போதும் என்றாராம். மேய்ச்சல். என் கையெழுத்தில் இருந்து போன வார்த்தை.

அந்த டேப்லெட் பெண் போன பிறகு மனசு ஆறாமல், ஞாயிற்றுக்கிழமை திருப்போரூருக்கு பஸ் ஏறினேன். ரோசம்மா அக்கா இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். "வா, காட்றேன்" என்று அவரே கூட்டிப் போனார். குறுக்குத் தெரு ஒன்று, குறுக்குத் தெரு இரண்டு என்று பலகைகள். எல்லாத் தெருவும் ஒரே அகலம், ஒரே கல். மடை இருந்த இடம் தெரிந்தால் தன் வரப்பைப் பிடித்துவிடலாம் என்றார். மடை தெரியவில்லை. ஏரிக்கரையும் தெரியவில்லை. நாலாம் தெரு முனையில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "இங்கதான் எங்கியோ கீது" என்றார். திரும்ப ஒரு முறை நடந்தோம்.

காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"ஆரையும் இல்லப்பா. எடத்த பாக்க வந்தோம்" என்றார் ரோசம்மா அக்கா.

காவலாளி முகம் மலர்ந்துவிட்டது. "எடம் பாக்கவா? வாங்கம்மா, இன்னும் நாலு பிளாட் விக்காம கீது" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு முன்னால் நடந்தார்.