பழுது நீங்கிய பிறகு

கோளாறு எங்கே என்று தெரியாதபோது அருகில் இருப்பதை முதலில் சோதிக்க வேண்டும், தூரத்தில் இருப்பதைப் பிறகு. தொலைபேசித் துறையில் பணிக்காலம் முழுவதும் நான் பிறருக்கு ஓதிய விதி. அந்த நாட்களில் என் வீட்டில் மட்டும் அது அமலில் இல்லை.

மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆப்பிரிக்கா போயிருந்தான். போகும்முன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்தான். எங்களிடம் இருப்பது பட்டன் போன். அவன் மடல்கள் அந்தக் கணினிக்குத்தான் வரும். கடைசி மடல்: "இங்கே கலவரம். வண்டியை விட்டுட்டுக் கிளம்பறோம். பத்திரமான இடம் சேர்ந்ததும் எழுதறேன்."

அதற்குப் பிறகு வைஃபை இழுக்கத் தொடங்கியது. அஞ்சல் பக்கம் பாதி திறந்து நிற்கும், அறுந்துபோகும். இணைய நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன், பிறகு நினைவூட்டுக் கடிதம். மகனுக்கும் எழுதினேன், அலுவலகப் பழக்கதோஷத்தில் மேலே "பார்வை: எனது முந்தைய மடல்" என்று போட்டு.

"ஏனுங்க, வந்துச்சுங்களா?" அடுப்படியிலிருந்து மனைவி.

"லைன் சரியில்ல புள்ள. வர்ற வழியில நின்னுட்டிருக்கும்."

"காலம் பூராம் லைன்லதான வேல பாத்தீங்க. ஒரு பொட்டிய அதட்டத் தெரியலீங்களா?"

அப்போதுதான் விதி நினைவுக்கு வந்தது. கூடத்திலேயே இருக்கும் ரூட்டருக்கு பிங் அனுப்பினேன், போய்த் தொட்டுத் திரும்ப வேண்டிய சோதனைத் துணுக்குகள். சிக்னல் முழுதாக இருந்தும் பாதி திரும்பவில்லை. ஆக, பழுது வெளி லைனில் இல்லை, வீட்டுக்குள். கணினியைத் துழாவினேன். வைஃபை அட்டைக்கு மின்சேமிப்பு போடப்பட்டிருந்தது. வேலையில்லாத நேரத்தில் அது கண்ணயர்ந்துவிடும். போட்டவன் நான்தான். மின்தடையில் கணினி அணையாமல், கரண்ட் வந்ததும் அவன் மடலைப் பார்க்க பாட்டரி நீடிக்கட்டும் என்று.

அதை நிறுத்தினேன். பிங் ஒன்றுவிடாமல் திரும்பியது. அஞ்சல் பக்கம் சட்டென்று திறந்தது. புதிய மடல் இல்லை.

அதுவரை அவன் மடல் வழியில் எங்கோ நின்றிருந்தது. இனி அது நிற்க இடமில்லை. அவன் எழுதவில்லை.

"சரியாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல. பாத்துட்டிருக்கேன்."

பிறகு அவள் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் பிங்கை ஓடவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டேன். நல்ல இணைப்பைப் பழுதுபார்க்கும் வேலையை என் பணிக்காலத்தில் பலர் செய்யக் கண்டிருக்கிறேன்; இவ்வளவு பயந்துகொண்டு யாரும் செய்ததில்லை.

காவிரிக்குக் கிளம்ப வேண்டிய காலையில், "லைன் வரட்டுமுங்க, அப்புறம் போலாம்" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது வந்தது: "பார்வை: தங்கள் மடல்கள் எல்லாம். எல்லை தாண்டிட்டோம்ப்பா."

அன்று ஆடி பதினெட்டு.