மைக்கில் கூப்பிட்ட தாத்தா

நாங்கள் ஏறிய வான் உக்குவளை ஊரைத் தாண்டும்போது உம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி எங்களுக்கு ஜாடை காட்டினார். இப்போது வேண்டாம், பார்க்குக்குப் போய்ச் சொல்லலாம் என்று அர்த்தம். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போன மாதம் கலியாணம் முடித்த என் தாத்தா, வரும் வெள்ளிக்கிழமை மச்சானிடம் கத்தாருக்குப் போகிறாள். ஐந்து வயதுத் தங்கச்சிக்கு மட்டும் அது தெரியாது. அவள் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து கண்ணாடியில் வாயால் ஊதி மான் வரைந்துகொண்டிருந்தாள்.

தாத்தா என்றால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரி. வெளியூர்த் தமிழர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனி அன்று மலையடிவாரம் வரை இறங்கியிருந்தது. பார்க்கில் மிருகங்களுக்கும் பழைய சாமான்களுக்கும் நடுவே வேலியே கிடையாது. தேயிலை ஃபெக்டரியின் பழைய உருளை மெஷின், அச்சு முறிந்த மாட்டு வண்டிகள், தண்டவாளம் இல்லாமல் புல்லில் நிற்கும் ரயில் பெட்டி. அதன் ஜன்னலுக்குள் ஒரு புள்ளிமான் தலையை நீட்டிப் பார்த்தது, தனக்கு சீட் இருக்கிறதா என்று தேடுவதுபோல. பனிக்குள் மயில் ஒன்று நடந்து போனது. கால்கள் தெரியவில்லை, மிதந்து போனது என்றே எனக்குப் பட்டது.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுத்தில் பைனாகுலர். கண்ணில் பட்ட பலகையை எல்லாம் சத்தமாக வாசித்தேன்.

“நீ பார்க்க வந்தியா, கைட் வேலைக்கு வந்தியா?” என்றார் வாப்பா.

தாத்தா மானுக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம் குனிந்து, செல்லமாக, “மகள், ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினாள்.

“மானுக்குக் கேட்டுரும். பொறகு சொல்லுங்க” என்றாள் தங்கச்சி.

அந்த நேரம் தலைக்கு மேலே இருவாய்ச்சி ஒன்று இறக்கையால் காற்றை அறுத்துக்கொண்டு போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கண்ணை இறக்கியபோது தங்கச்சியும் இல்லை, மானும் இல்லை. பனி மட்டும் நின்றது.

கூப்பிட்டுப் பார்த்தோம். மயில்தான் பதில் சொன்னது. உம்மா ஸலவாத்து ஓதத் தொடங்கிவிட்டார். தாத்தா ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துத் தேடினாள்.

பிறகு எங்கிருந்தோ மைக் கரகரத்தது. சிங்களத்தில் அறிவித்தார்கள்: ஆரஞ்சுச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று தாத்தாவைக் கேட்டு அழுகிறது, தாத்தா உடனே வாசல் கேட்டுக்கு வரவும். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அதனால் வாப்பா ஓடினார். ஒரு செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றாள். செக்யூரிட்டிக்காரர் அவளுக்கும் வாப்பாவுக்கும் நடுவே கையை விரித்து நின்றார்.

“நான்தான் தாத்தா” என்று வாப்பா சிங்களத்தில் மூச்சு வாங்கினார்.

“இவர் தாத்தா இல்ல!” என்று தங்கச்சி கத்தினாள்.

‘இல்ல’ என்ற தமிழ்ச் சொல் செக்யூரிட்டிக்காரருக்கும் விளங்கும்போல. விரித்த கையை இறக்கவே இல்லை.

அப்போதுதான் தாத்தா, அபாயா எல்லாம் புல்லும் சேறுமாக, வந்து சேர்ந்தாள். தங்கச்சி கதிரையிலிருந்து அப்படியே அவள்மேல் பாய்ந்தாள். செக்யூரிட்டிக்காரர் தாத்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

“இவங்களா தாத்தா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

வாப்பா விளக்கியதும் மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

தாத்தா தங்கச்சியை இறக்கிவிடவில்லை. கேட்டடியிலேயே, கழுத்தோடு வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை, பிளேன், கத்தார். நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

தங்கச்சி கேட்டடி மைக்கைப் பார்த்தாள்.

“அங்க மைக் இருக்கா?”

“இருக்கும்.”

“நான் அழுதா கூப்பிடுவாங்களா?”

“அங்க அரபுலதான் கூப்பிடுவாங்க மகள்” என்றார் வாப்பா, ஒற்றைச் செருப்போடு.

“அரபுல தாத்தாவுக்கு என்ன?”

“உக்தி” என்றாள் தாத்தா.

தங்கச்சி பனியைப் பார்த்து ஒருதரம் கூப்பிட்டாள். “உக்தீ...” பிறகு தாத்தாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நான் தாத்தா எண்டுதான் கூப்பிடுவேன். நீங்க போன உடனே மைக் மாமாட்ட சொல்லி வைங்க.”