நேர்ந்துவிட்ட முடியும் என் மகளின் தலைப்புண்ணும்

என் மகள் தர்ஷினிக்கு ஏழு வயது நடக்கும்போது அவளுடைய தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறையைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். அம்மன் அடியார்களே, என் தவறு அந்தத் துவைப்பில்தான் தொடங்கியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். எனக்குக் கண்டி டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. விடியும் முன்னால் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. என் மனைவி செல்வி வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. போகும் நாளில் அம்மன் சன்னதியில் நின்று, "நா நல்லபடியா திரும்பி வந்தா புள்ளைக்கு முடி எறக்குறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டாள். என்னிடமும், "நா வர்ற வரைக்கும் அவ தலையில கத்திரிக்கோல் படக்கூடாதுங்க" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அதனால் எங்களுக்கு அது வெறும் முடி இல்லை. செல்வி அந்நிய நாட்டில் பத்திரமாக இருப்பதே அந்த முடியில்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. ஒரு நாள் அவர், "தம்பி, சீப்ப வச்சாலே கத்துறா. பொடுகு செதில் செதிலா கொட்டுது. பேனும் இருக்கும் போல" என்றார். வேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சித் தடவினோம். பேன் ஒன்றுகூட அகப்படவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் முடி ஒடிந்து, மழித்து இரண்டு நாளான தாடி மாதிரி கறுப்புப் புள்ளிகளாக நின்றது. அதையும் லைட் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். பகலில் என் பிள்ளையின் தலையைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

பிறகு அந்த இடம் வீங்கியது. தொட்டால் மெத்தென்று இருந்தது. சின்னச் சின்னக் கொப்புளமாகச் சீழ் வைத்தது. கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சலும் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "அய்யோ, அம்மா போட்டுருக்கு தம்பி. மருந்து மாத்திர ஒண்ணும் குடுத்துறாதீங்க" என்றார். அம்மையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அவர் மேல் குற்றமில்லை. எனக்கும் அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் முடியைத்தானே வெட்டுவார்கள் என்று பயம். வாசலில் வேப்பிலை செருகினேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன். சவர்க்காரம் போட்டுத் தலை கழுவவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது.

அதற்கு முன்பே பிள்ளை ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் "நாத்தக் கொண்ட" என்று கூப்பிட்டார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி வீடியோவில் வருவாள். "முடிய காட்டு தங்கம், எம்புட்டு வளந்துருக்குன்னு பாப்போம்" என்பாள். பிள்ளை தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, "இப்பதாம்மா குளிச்சேன், ஈரம்" என்பாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கினேன்.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "தாயே, அவளும் வேணும், இவளும் வேணும். எனக்கு புத்தி இல்ல. ஒரு ஆள் மூலமாவது சொல்லு" என்று கேட்டேன். வேறு வழி தெரியாமல், நேர்ந்த முடியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று மறுநாள் செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே முடி எடுக்கும் ரத்தினம் அண்ணன் அவளை மணையில் உட்கார வைத்து, துவாயை அவிழ்த்து, வெயிலில் முடியை வகிர்ந்து பார்த்தார். கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"நா எடுக்க மாட்டேன் தம்பி."

அம்மனே வேண்டாம் என்கிறாள், செல்விக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நினைத்தேன். "அண்ணே, நேத்திக்கடன்ணே. மாட்டேன்னு சொல்லாதீங்க" என்று காலைப் பிடிக்கப் போனேன்.

"நேத்திக்கடன் எங்க ஓடியா போகுது? இது அம்மாவும் இல்ல, பேனும் இல்ல. அம்மா போட்டா ஒடம்பெல்லாம் போடாதா, ஒரே எடத்துலயா குந்திக்கிட்டு இருக்கும்? இது படை. முடி வேருக்குள்ள எறங்கிருச்சு. நா கத்தி வச்சா சீழ் ஒடையும். கத்தியில ஒட்டிக்கிட்டு அடுத்த புள்ள தலைக்கும் போகும். முப்பது வருஷமா நா தலையதான் பாக்குறேன். எந்திரி, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போ. இன்னிக்கே போ."

தர்ஷினி என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அம்மனுக்கு எம் முடி புடிக்கலையா?" என்றாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரியில் தோல் வியாதி பார்க்கும் இடத்துக்குப் போனோம். டாக்டர் ஒரு சிங்கள அம்மா. ஒடிந்த முடி இரண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "ஏன் தாத்தே இவ்வளவு லேட்?" என்று, அப்பா என்பதற்குச் சிங்களத்தில் தாத்தே போட்டு, மீதியைத் தெரிந்த தமிழில் கேட்டார். பிறகு, "வீட்டில பூனை இருக்கா?" என்றார். இருந்தது. அம்மா போன பிறகு பிள்ளை ஒரு பூனைக்குட்டியைத் தன் தலையணையிலேயே படுக்க வைத்துக்கொள்வாள். அதன் காதோரம் முடி கொட்டியிருந்ததை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. அதையும் மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னார்.

தலையில் வரும் படைக்குப் பூச்சு மட்டும் போதாதாம், மாத்திரை உள்ளே போக வேண்டுமாம். பால் குடித்த பிறகு தினமும் கொடுக்க வேண்டும். அரிப்பு நின்றுவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. சீப்பு, துவாய், தலையணை எல்லாம் அவளுக்குத் தனி. நான் பயந்து பயந்து, "முடிய வெட்டணுமா மிஸ்?" என்று கேட்டேன். "தேவையில்ல" என்றார்.

தேவையில்லை. வெட்டணும் என்ற ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பிள்ளையை அத்தனை நாள் சீழோடு வைத்திருந்தேன்.

அன்று செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நா நேந்தது புள்ள நல்லா இருக்கத்தானேங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து வாரம் மாத்திரை கொடுத்தோம். காய்ச்சல் போனது, வீக்கம் வற்றியது, முடி முளைத்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. வேர் வடுவாகிவிட்டது, முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

இந்த வருடம் செல்வி சுகமாக வந்து சேர்ந்தாள். ரத்தினம் அண்ணன்தான் பிள்ளைக்கு முடி எடுத்தார். சந்தனம் பூசும்போது செல்வியின் விரல் அந்த வடுவிலேயே நின்றுவிட்டது. பிள்ளை எங்களைத் தேற்றுகிற மாதிரி, "இந்த எடத்து முடிய அம்மன் மொதல்லயே எடுத்துக்கிட்டா, இல்லப்பா?" என்றாள். தலையாட்டினேன். அம்மன் எடுக்கவில்லை. என் பயம் எடுத்தது.

அடியார்களே, ஒரு ஆள் மூலமாவது சொல்லு என்று கேட்டேன், மறுநாளே சொன்னாள். மாட்டேன் என்ற வார்த்தையாக வந்ததால் எனக்கு முதலில் புரியவில்லை. நீங்களும் அவளிடம் கேளுங்கள். நிச்சயம் சொல்வாள். நேர்ந்த முடி என்றாலும் அதற்குக் கீழே இருப்பது நம் பிள்ளையின் தலை.

இப்போது முடி திரும்ப வளர்ந்துவிட்டது. ஞாயிறு காலையில் தர்ஷினியை வெயிலில் உட்கார வைத்து முடியை வகிர்ந்து பார்க்கிறேன். "போதும்பா, ஒண்ணும் இல்ல" என்று நெளிவாள். அந்த வெறும் இடம் கண்ணில் படும் வரைக்கும் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அம்மனுக்கு விளக்கு வைப்பேன்.