ஓரம் குழிந்த கல்

எங்கள் தெரு சலூன்காரருக்குப் பஞ்சுக்கை என்று பேர். நாற்காலியில் சாய்ந்ததும் ஆட்கள் தூங்கிவிடுவார்கள். அவர் பிழைப்பே அந்தத் தூக்கத்தில்தான் இருந்தது.

பழைய சாமான் கடையில் ஒரு சாணைக்கல் வாங்கி வந்தார். உள்ளங்கை அளவு, சவரக்கத்திக்கென்றே செய்த அந்தக் காலத்துக் கல். யாரோ வருஷக்கணக்கில் தீட்டியதில் ஒரு ஓரம் மட்டும் குழிந்திருந்தது. முதலில் கல்லைச் சமப்படுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால், சோப்பு நுரை தடவி ஒரு இழுப்பு இழுத்ததும், கத்தி வழி தெரிந்ததுபோல் அந்தக் குழிக்குள் வழுக்கிப் போனது. அந்தச் சுகத்தில் அப்படியே விட்டுவிட்டார்.

அதன்பின் வந்தவர்களுக்கெல்லாம் இடது காதுக்குக் கீழே, ஒரே இடத்தில், பொட்டு ரத்தம்.

"பஞ்சுக்குள்ள முள்ளு வச்சிருக்கீங்களாண்ணே?" என்று சிரித்தார் தையல்காரர். அடுத்த முறை அவர் கண்ணை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாமனாருக்குச் சவரம். பார்வை போனவர். இடது கன்னம் முடிந்து, காதுக்குக் கீழே சுருக்கென்றதும் கிழவர் முகம் மலர்ந்தது.

"அட, நீயா? எப்ப வந்தே?"

"நான்தான் மாமா."

"உங்களைக் கேக்கலை மாப்பிள்ளை. கத்தி பிடிச்சிருக்கானே, அவனைக் கேட்டேன். என் கல்யாணத்தன்னிக்குச் சவரம் பண்ணவன். காதுக்குக் கீழ கீறிட்டு, 'இனிமே தினம் இப்படித்தான்டா'ன்னான்."

"அவரு செத்துத்தான் எத்தனையோ வருஷமாச்சேப்பா," என்றாள் மகள் சமையலறையிலிருந்து. வெளியே வந்து புருஷனைப் பார்த்தவள் குரல் மாறியது. "என்னங்க, கத்தியைக் கீழ வைங்க."

அவர் மணிக்கட்டு, எப்போதும் திரும்பாத பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

கல்லைக் கொல்லைக்கு எடுத்துப் போனார். ஈரச் சிமெண்டுத் தரையில் மணல் போட்டு, குழி மறையும்வரை தேய்த்தார். கத்தியைப் புதிதாகத் தீட்டினார். மாமனார் முகத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. மறுபடி குழைத்துத் தடவி மறு கன்னத்தை முடித்தார். ஒரு கீறல் இல்லை.

கிழவர் தடவிப் பார்த்தார். "இது உங்க கை மாப்பிள்ளை."

"அவரு போயிட்டாரு மாமா."

"எங்க போனான்? வாசல்ல நிக்கிறானே. பாதி முகம் நான் பண்ணேன், மீதியை எவன் தொட்டான்னு கேக்கிறான்."

வாசலில் யாரும் இல்லை.

தையல்காரர் இப்போது மறுபடி குறட்டை விடுகிறார். பஞ்சுக்கைதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார், சவரம் செய்யும்போது வாசல் தன் முதுகுக்குப் பின்னால் இல்லாதபடி.