குட்டை விழுங்கிய வெங்காயத் தோல்

காலை ஏழே காலுக்கு அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். குன்னத்துக்கு முன்பே இறங்க வேண்டும். புவியியல் சொற்பட்டியல் தயாரிக்கும் என்னை ஒரு மாதமாக ஒரு சொல் படுத்திக்கொண்டிருந்தது: போனோர். ஸ்லாவிய மொழிகளில் மூழ்குவதைக் குறிக்கும் வினையோடு உறவுள்ளது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஓடுகிற நீரை அப்படியே உள்வாங்கும் துளைக்குப் பெயர் அது. அப்படியொன்று இங்கே ஒரு பண்ணைக்குட்டையில் இருப்பதாக நண்பர் சொன்னார். கண்ணால் பார்க்காமல் தமிழ்ப்பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

எட்டரை மணி. இரண்டு கிலோமீட்டர் நடை. இருபுறமும் பருத்தி, சின்ன வெங்காயம். குட்டைக்குச் சொந்தக்காரரான மலர்க்கொடி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். துளையைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். நேற்றைய மழையில் நிரம்பிய குட்டையில் இன்று வெறும் சேறு.

"தொளையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். கீழ்க்காட்டுல எங்க அக்கா தனம் திருட்டுக் குழாய் போட்டு உறிஞ்சுது. ஆறு மாசமா அது வூட்டு வாசல நான் மிதிக்கல. நேத்து ரெண்டு மூட்ட வெங்காயத் தோலக் கொட்டிட்டேன். குழாய் அடைச்சுக்கிட்டா குட்டு வெளிப்படும்ல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு குட்டையில் இறங்கினேன். மூலையில் வெளிறிய பாறை. அதில் குடம் நுழையும் அளவுக்கு ஒரு வாய். குனிந்ததும் முகத்தில் குளிர்காற்று பட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர் போகும் வழி இதுதான் என்றேன்.

"படிச்சவங்க எதையாச்சும் சொல்வீங்க" என்றார் மலர்க்கொடி.

ஒன்பதரைக்குக் கூடையோடு ஓர் அம்மாள் வேகமாக வந்தார். தனம்தான்.

"ஏண்டி மலரு, எங் கெணத்துல எவடி குப்பயக் கொட்டுனது?"

ஆறு மாதத்தில் முதல் பேச்சு. கூடை நிறைய ஊறிய வெங்காயத் தோல்.

மலர்க்கொடியின் முகம் மாறியது. "ராத்திரி மோட்டார் போட்டியா?"

"மழைக்குப் போன கரண்டு இன்னும் வரலயே!"

மூவரும் கிணற்றுக்குப் போனோம். குழாய் எதுவும் இல்லை. உள்பாறையின் வெடிப்பிலிருந்து நீர் வழிந்தது. கூடவே ஒவ்வொன்றாகத் தோல்.

"ஒன்னத் திருடின்னு ஊரு பூரா சொல்லிட்டேனேக்கா" என்று மலர்க்கொடி அழுதுவிட்டார்.

"காதுல வுழுந்துச்சு" என்றார் தனம். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். "அப்ப இது ஒன் தண்ணிதானடி. கரண்டு வரட்டும், ஒங் காட்டுக்கு எறைச்சுக்க."

பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பட்டியலில் போனோருக்கு நேரே 'நீர்விழுங்கி' என்று எழுதினேன். எழுதியதும் குறையாகத் தோன்றியது; விழுங்கியதைப் பாறை வைத்துக்கொள்ளவில்லையே. வேறு சொல் கேட்கலாமென்று திரும்பினேன். மலர்க்கொடி தன் அக்காவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்காமலே நடந்தேன்.